போப் சொன்னால் தவறே வராதா?

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): சலேத் மாதா கோயிலுக்குப் போனபோது, 'போப் சொன்னால் தப்பே வராது' என்றார்கள். நிஜமா?

பதில்: அவர் பேசுவதெல்லாம் கணக்கில் வராது. பேட்டி, மறையுரை, அரசியல் கருத்து எதற்கும் 'தவறே வராது' என்ற அந்த வரம் கிடையாது. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு கோட்பாட்டை, திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டும் என்று தலைமைப் பீடத்திலிருந்து (அதாவது போப் என்ற முழு அதிகாரத்தோடு) வரையறுத்தால் மட்டுமே 'வழுவா வரம்'.

1870 ஜூலை 18 அன்று, முதல் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூடிய பேரவை) இதை இடிமழைக்கு நடுவே நிறைவேற்றியது. ஆதரவு 533, எதிர்ப்பு 2. இந்தக் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்! ஐந்து நாள் முன்பு நடந்த வாக்கெடுப்பில் 88 பேர் மறுத்தார்கள். 62 பேர் திருத்தம் கேட்டார்கள். போப்பின் முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் பலர் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப்பின் பயன்பட்டது ஒரே தடவை: 1950 நவம்பர் 1, போப் பன்னிரண்டாம் பயஸ், மாதாவின் விண்ணேற்பு (மாதா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற கோட்பாடு). விண்ணேற்பைக் கொண்டாடும் ஆகஸ்ட் 15 திருநாள் அந்த வரையறையைவிடப் பல நூற்றாண்டு பழையது.