மூடுபனிக்கு ஏற்ற பச்சை எது? – மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். இப்போது வெளிறிய சிவப்பில் இருக்கிறது. 'பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்' அடிக்க ஆசை. பெயின்ட் பாஸோ "எந்த நம்பர் கிரீன்?" என்று கேட்கிறார். என்ன சொல்வது? – வாசகர், ஹட்டன்

பதில்: பாஸ் கேட்டது சரியான கேள்விதான். அந்தப் பெயரில் ஒரே ஒரு பச்சை எக்காலத்திலும் இருந்ததில்லை. 1903இல் கோர்டன் பெனட் கிண்ணக் கார்ப் பந்தயத்தை அயர்லாந்தில் நடத்த வேண்டியதாயிற்று. பிரித்தானியப் பொதுவீதிகளில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இடம் தந்த ஊருக்கு மரியாதையாக பிரித்தானியாவின் நேப்பியர் கார்களுக்கு, அயர்லாந்தின் சின்னமான ஷம்ரொக் இலையின் பச்சையைப் பூசினார்கள். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம் என்பதுபோல் பிரித்தானியாவுக்குப் பச்சை நிலைத்துவிட்டது. ஆனால் வெளிறிய பச்சையா, கறுப்போடு சேரும் பச்சையா என்று யாரும் வரையறுக்கவில்லை. எம்.ஜி.பி.க்கே ஜிஎன்25, ஜிஎன்29 என இரண்டு இலக்கங்கள் இதே பெயரில் உண்டு. எனவே பாஸிடம் பெயரைச் சொல்லாதீர்கள், இலக்கத்தைச் சொல்லுங்கள்.

அதற்கு முன் கார் பிறந்த நிறம் எதுவென்று பாருங்கள். கதவின் உட்புறப் பலகையைக் கழற்றினால் தெரியும் தகடு, டேஷ்போர்டின் அடிப்பக்கம், டிக்கியின் விரிப்புக்குக் கீழ் – மறு பெயின்ட் அடிக்கும்போது பெரும்பாலும் எட்டாத இடங்கள் இவை. மேற்தோல் காற்றுப் பட்டு மங்கியிருக்கும். 2000 இலக்க சாண்ட் பேப்பரால் ஈரத்தில் மெதுவாகத் தேய்த்து, கம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டால் உண்மையான நிறம் எழும். வெளித் தகட்டில் பார்ப்பதென்றால், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு நாணய அளவு இடத்தை 400, 800, 2000 என்ற வரிசையில், விளிம்பு சரிவாக வரும்படி தேயுங்கள். அடித்த நிறமெல்லாம் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் தகடு, அதைச் சுற்றி ப்ரைமர் (அடிப்பூச்சு), அதற்கு அடுத்த வளையம்தான் தொழிற்சாலை நிறம். தாளில் சான்று வேண்டுமானால், இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் சேசி இலக்கத்தை வைத்து உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. கட்டணம் உண்டு.

அடியில் ஓல்ட் இங்கிலிஷ் வைட் (டபிள்யூடி3), டார்ட்டன் ரெட் (ஆர்டி9), ஐரிஸ் புளூ (பியூ12) எது வந்தாலும் அதற்கே திரும்புங்கள் என்பதே எங்கள் கட்சி. பச்சை எம்.ஜி.க்கு உலகத்தில் பஞ்சமில்லை. இன்னொன்று: இந்தக் காரின் உயரம் ஒன்றேகால் மீற்றர்தான். மாலை ஐந்து மணி மூடுபனியில், தேயிலைச் சரிவை ஒட்டி வரும் கரும்பச்சைக் காரை எதிரே வரும் பஸ் சாரதி கண்டுகொள்வது கடினம். பச்சைதான் என்று பிடிவாதமானால் அந்த இரண்டு இலக்கங்களில் வெளிறியதை எடுங்கள், பகலிலும் விளக்கைப் போட்டே ஓட்டுங்கள்.

கேள்வி: ஜனவரியில் சுபாரு இம்ப்ரெஸாவுக்கு வேர்ல்ட் ரேலி புளூ அடித்தோம். கதவு ஒரு நிறம், பொனட் ஒரு நிறம். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியரில் பால் கலந்தாற்போல் மங்கல். இரண்டு மாதத்தில் சிறு கொப்புளங்களும் வந்துவிட்டன. கலவை பிழையா? – வாசகர், நானுஓயா

பதில்: அந்த நீலத்தின் 02சி இலக்கத்துக்குக் கலந்த அதே டின்னை முழுக் காருக்கும் பாவித்திருந்தால் கலவையில் குற்றமில்லை. மூன்று குறைக்கும் காரணங்கள் வேறு வேறு.

நிற வித்தியாசம் ஸ்ப்ரே கன் பிடித்த கையில். மினுக்கத் துகள் உள்ள பெயின்ட் உலர்வாக விழுந்தால் துகள்கள் மேலே நின்று வெளிறிக் காட்டும். ஈரமாக விழுந்தால் அமிழ்ந்து கறுத்துக் காட்டும். கன் நுனி 1.3 மில்லிமீற்றர், தூரம் 15 முதல் 20 சென்றிமீற்றர், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதிக்கு மேல் படிய வேண்டும். கதவு, மட்காட், பொனட் என்று கழற்றித் தனித்தனி நாளில் அடித்தால் இந்த வித்தியாசம் வந்தே தீரும்.

பால் மங்கலுக்குக் காரணம் உங்கள் ஊர்க் காற்று. தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் படிந்துவிடும். காற்று 16 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்று வையுங்கள். பனி படியத் தொடங்குவது ஏறத்தாழ 14.4 பாகையில். தகடு அதைவிட 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இருப்பது ஒன்றரை பாகைதான். அதே காற்றை 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 62 வீதத்துக்கு இறங்கிவிடும். குளிருக்கென்று வேகத் தின்னர் ஊற்றுவது இங்கே தீமைதான் செய்யும், வேகமாக ஆவியாவது தகட்டை இன்னும் குளிர்விக்கும். கராஜைச் சூடாக்குங்கள், காரை முதல் நாள் இரவே உள்ளே நிறுத்தித் தகட்டையும் சூடேற விடுங்கள். மண்ணெண்ணெய் ஹீட்டர், காஸ் அடுப்பு இரண்டும் வேண்டாம்: எரியும்போது நீராவியைக் கக்கும், தின்னர் புகைக்குப் பக்கத்தில் நெருப்பும் ஆபத்து. மின்சார ஹீட்டரால் முன்கூட்டியே சூடாக்கி, அடிக்கும் நேரம் அணைத்துவிடுங்கள்.

கொப்புளம் அடியில் சிக்கிய தண்ணீர். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்ட இடத்தை ஈரத்தில் தேய்த்திருப்பார்கள். பட்டி தண்ணீரைக் குடிக்கும். மேலே ப்ரைமர் மூடியதும் போக வழியில்லாமல், வெயில் பட்டால் தள்ளும். கொம்ப்ரசர் தொட்டியைத் தினமும் வடிக்காவிட்டாலும் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து இதே கதைதான். பட்டியை எப்போதும் உலர்வாகத் தேயுங்கள். தேய்த்துத் தகடு வெளியே தெரிந்தால் அன்றே எப்பொக்சி ப்ரைமர் போடுங்கள். இந்த மூடுபனியில் ஓரிரவு விட்டால் செந்துரு பூக்கும்.

இனி என்ன செய்யலாம்? மங்கல் கிளியரின் மேற்தோலில் மட்டும் என்றால் 2000, 3000 தேய்த்து கம்பவுண்டில் எடுக்கலாம். நிறத்துக்கும் கிளியருக்கும் இடையில் என்றால் மீண்டும் அடிக்க வேண்டும். கொப்புளத்துக்குக் குறுக்குவழி கிடையாது, தகடுவரை போக வேண்டும். 2கே பெயின்ட்டை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்குத் துணி முகக்கவசம் எதுவும் செய்யாது. வெளிக்காற்று குழாயில் வரும் முகக்கவசம் பாஸுக்கு அவசியம்.

கேள்வி: ஹொண்டா சிவிக்குக்கு சாம்பியன்ஷிப் வைட் அடிக்க வேண்டும். கடையில் தந்த வெள்ளை பழைய பம்பருக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரிகிறது. – வாசகர், நுவரெலியா

பதில்: 1965இல் மெக்சிக்கோவில் ஹொண்டா தன் முதல் ஃபோர்முலா 1 கிராண்ட் பிரீயை வென்ற ஆர்ஏ272 காரின் தந்த வெள்ளையை நினைவூட்டும் நிறம் இது, இலக்கம் என்எச்-0. சாதாரண வெள்ளையல்ல, பாலாடை கலந்த வெள்ளை. ஒரு லீற்றரில் சில கிராம் மஞ்சளும் துளிக் கறுப்பும்தான் வித்தியாசம். தராசு கொஞ்சம் பிசகினாலும் கெட்டுவிடும். 250 மில்லிலீற்றர் மட்டும் கலக்கச் சொல்லி, ஓர் அட்டையில் முழுக் கோட்டும் கிளியரும் அடித்துக் காயவிட்டுப் பம்பரோடு ஒட்டிப் பாருங்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு வெள்ளை வெயிலில் பிரிந்து நிற்கும். உச்சி வெயில், மூடுபனி இரண்டிலும் பார்த்த பிறகே மீதியைக் கலக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு மஞ்சள் நல்லதா, புதிய சோல் ரெட் கிறிஸ்டல் நல்லதா? எவ்வளவு பெயின்ட் வேண்டும்? – வாசகி, பண்டாரவளை

பதில்: மஞ்சள். சோல் ரெட் (46வி) மூன்று அடுக்கு நிறம். நடு அடுக்கு ஒரு கோட் கூடினாலே கறுக்கும், நாளை ஒரு கதவு கீறினால் ஒட்டுப் போடுவது பெரும்பாடு. 1992இல் வந்த சன்பர்ஸ்ட் யெல்லோ இந்தக் காருக்கே உரிய மஞ்சள், மூடுபனியிலும் எடுப்பாகத் தெரியும். அதன் குறை, அடியிலுள்ள நிறத்தை மூடும் சக்தி போதாதது. பழைய மஞ்சள்களில் ஈயக் குரோமேட் இருந்தது, நன்றாக மூடும். ஈயமில்லாத இன்றைய மஞ்சளுக்கு அடியில் வெள்ளை ப்ரைமர் போடாவிட்டால் ஐந்து கோட் அடித்தாலும் சாம்பல் எட்டிப் பார்க்கும். வெளிப்புறத்துக்கு மட்டும் தின்னர் சேர்க்காமல் 2 லீற்றர், கதவு விளிம்பும் பொனட்டின் உட்புறமும் சேர்த்து 3 லீற்றர், மஞ்சளென்பதால் இன்னொரு லீற்றர் கையிருப்பு. கிளியர் இரண்டரை லீற்றருக்கு, 2:1 கணக்கில் ஹார்டனர் ஒன்றேகால் லீற்றர்.

கேள்வி: வெள்ளைக் காருக்கு, கல்ஃப் எண்ணெய் நிறுவனப் பந்தயக் கார்களின் வெளிர்நீலமும் செம்மஞ்சள் பட்டையும் ஸ்டிக்கரில் ஒட்டினால் பதிவை மாற்ற வேண்டுமா? – வாசகர், கண்டி

பதில்: 1968, 1969 லெ மான் 24 மணிநேரப் பந்தயங்கள் இரண்டையும் ஒரே ஃபோர்ட் ஜிடி40 வென்ற நிறங்கள் அவை. பட்டை மட்டும் என்றால் கார் இன்னும் வெள்ளைதான். முழுக் காரையும் நீலத்தால் மூடினால் பதிவுச் சான்றிதழிலுள்ள நிறம் பொய்யாகிவிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். ஒட்டுமுன் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்கிப் பாருங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால், நாளை ஸ்டிக்கரோடும் வரும்.