700 வீரர்களுக்கு இரண்டு மருத்துவர்கள் போதுமா?

கேள்வி: 700 வீரர்கள் கொண்ட படைப்பிரிவு ஒன்று ஓராண்டுக்குத் தொலைவான மலைமுகாமில் தங்கவிருக்கிறது. அதன் மருத்துவப் பொறுப்பு என்னுடையது. இரண்டு மருத்துவர்களும் எட்டு மருத்துவ உதவியாளர்களும் ஒதுக்கப்பட்டுள்ளனர். இது போதுமா? கூடுதல் ஆட்களை எந்த அடிப்படையில் கேட்பது?

பதில்: இத்தனை வீரர்களுக்கு ஒரு மருத்துவர் என்று வகுத்துப் பார்க்கும் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். காயம்பட்டவர் அறுவை மேசையை அடைய எவ்வளவு நேரமாகும் என்பதே ஆட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 10 நிமிடங்களுக்குள் ரத்தப்போக்கை நிறுத்தி மூச்சுப்பாதையைக் காத்தல், 1 மணி நேரத்துக்குள் மேம்பட்ட உயிர்காப்புச் சிகிச்சை, 2 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்பது நேட்டோ படைகள் கைக்கொள்ளும் அளவுகோல்.

அந்த முதல் 10 நிமிடங்களில் காயம்பட்டவரின் அருகில் இருக்கப்போவது மருத்துவர் அல்லர், சக வீரர்தான். 2001 முதல் 2011 வரை போர்க்காயங்களால் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வில், 87 சதவீதத்தினர் சிகிச்சை நிலையத்தை அடையும் முன்பே உயிரிழந்திருந்தனர். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பைப் பறித்தது பத்தில் ஒன்பது பேரிடம் ரத்தப்போக்கே. அதே பத்தாண்டில், எல்லா வீரர்களுக்கும் களமுதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்த அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புப் படைப்பிரிவான 75ஆம் ரேஞ்சர் ரெஜிமெண்டில், சிகிச்சை நிலையத்தை அடையும் முன் தவிர்த்திருக்கக்கூடிய மரணம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆகவே, புறப்படும் முன் 700 பேரும் டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கும் பட்டை) கட்டவும், காயத்தைத் துணியால் அடைத்து அழுத்தவும், இருளிலும் தடுமாறாமல் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். புதிய பணியிடம் எதுவும் கேட்காமலேயே நீங்கள் காப்பாற்றக்கூடிய உயிர்கள் இங்கேதான் அதிகம்.

இனி உங்கள் எட்டு உதவியாளர்களைப் பார்ப்போம். ரோந்துக் குழுக்களுடன் இருவர், ஆம்புலன்ஸில் ஒருவர், விடுப்பிலும் பயிற்சியிலும் இருவர் என்று கழித்தால் முகாமில் மிஞ்சுவோர் மூவர். சிகிச்சை அறையில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டுமென்றால், வாரத்தின் 168 மணி நேரத்தை மூவரும் பகிர்ந்து ஆளுக்கு 56 மணி நேரம் உழைக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் மற்ற இருவருக்கும் அது 84 ஆகிவிடும். ஒரு மாதம் தாங்கலாம்; ஓராண்டு தாங்காது. மருத்துவர்களின் நிலை இதைவிடக் கடினமானது, ஏனெனில் ஒருவர் நோயாளியுடன் கீழே இறங்கினால் மற்றவர் இரவும் பகலும் தனியாளாகிறார். எனவே பன்னிரண்டு உதவியாளர்களையும் மூன்றாவது மருத்துவர் ஒருவரையும் கேட்பது மிகையல்ல என்பது என் கருத்து.

அறுவை மேசை 2 மணி நேரத் தொலைவைத் தாண்டி இருந்தால், ஆட்களைச் சேர்த்து மட்டும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. அறுவை மருத்துவர், மயக்கவியல் நிபுணர், செவிலியர் அடங்கிய முன்கள அறுவைக் குழு அல்லது ஹெலிகாப்டர் வசதி தேவைப்படும். இரண்டு மேசைகள் கொண்ட அமெரிக்க முன்கள அறுவைக் குழு ஒன்றில் 20 பேர் இருந்தனர் என்பதிலிருந்து அதன் சுமையை ஊகிக்கலாம்.

ஆனால் உங்கள் அன்றாட நோயாளி பெரும்பாலும் குண்டடிபட்டவராக இருக்கமாட்டார். 2004 முதல் 2007 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் களங்களிலிருந்து மருத்துவக் காரணங்களுக்காக வெளியேற்றப்பட்ட அமெரிக்கப் படையினரில் போர்க்காயத்தால் சென்றவர்கள் 14 சதவீதம். மூட்டு, தசைத் தொல்லைகளால் சென்றவர்கள் 24 சதவீதம். ஆகவே பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும், பல் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோரின் முறையான வருகையையும் உங்கள் கோரிக்கையில் அழுத்தமாகக் கேளுங்கள். மனநலத்துக்காக வரும் வீரர் தயங்காமல் பேச வேண்டுமானால், தளபதிக்குத் தெரியவேண்டியது அவர் எந்தப் பணிக்குத் தகுதியானவர் என்பதே, நோயின் விவரம் அல்ல என்ற ஏற்பாட்டை முதல் நாளிலேயே தளபதியுடன் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆள் குறையும்போது மருத்துவ உதவியாளரைக் காவல் பணிக்கு அனுப்பும் வழக்கத்துக்கு இடங்கொடுக்காதீர்கள். 1949ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கை தரும் பாதுகாப்பு, மருத்துவப் பணிக்கென்றே முழுமையாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு உரியது. தம்மையும் நோயாளிகளையும் காக்க அவர்கள் ஆயுதம் வைத்திருக்கலாம், காவல் வீரர்களாக மாறலாகாது.

கோரிக்கையை எழுதும் முன், ஸ்ட்ரெச்சரில் ஓர் ஆளைக் கிடத்தி, நால்வர் சுமக்க, முகாமின் கடைசிக் காவல் நிலையிலிருந்து சிகிச்சை அறை வரை இரவில் ஒருமுறை நடந்து பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து, அந்த எண்ணைக் கோரிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள்.