காபனின் நான்கு பிணைப்புகள்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

காரீயம் (பென்சில் முனையில் உள்ள காபன் வடிவம்) பற்றிய தங்கள் கட்டுரையில் காபன் நான்கு பங்கீட்டு வலுப்பிணைப்புகளை ஏற்படுத்தும் என்று ஒரே வரியில் கூறியிருந்தீர்கள். நான் வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். காபனின் வெளி ஓட்டில் 2எஸ் ஒபிற்றலில் (இலத்திரன்கள் உலவும் வெளியில்) ஒரு சோடியும் 2பி ஒபிற்றல்களில் இரண்டு தனி இலத்திரன்களும் இருக்க, இரண்டு பிணைப்புகள்தானே ஏற்பட வேண்டும் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். எண்மம் (வெளி ஓட்டில் எட்டு இலத்திரன்கள்) நிறைய வேண்டும் என்று அணு விரும்புகிறது என்ற வழமையான விடை அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான்.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அணுவுக்கு விருப்பம் எதுவும் கிடையாது. மொத்தச் சக்தி குறையும் பக்கமே அது செல்கிறது. எட்டு என்பது அதன் விளைவு, காரணம் அன்று. இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

இலத்திரன்களை இழந்தோ பெற்றோ காபன் அயனாகாததற்கும் சக்திக் கணக்கே காரணம். முதலாவது இலத்திரனை அகற்ற மூலுக்கு (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) ஏறத்தாழ 1086 கிலோயூல் வேண்டும். நான்கையும் அகற்ற 14,000 கிலோயூலுக்கு மேல் செல்லும். நான்கைப் பெற்றுக்கொள்வதாயின் ஆறு புரோத்தன்கள் பத்து இலத்திரன்களைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். எஞ்சிய வழி, 1916இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேட் லூயிஸ் முன்வைத்த பங்கீடு: ஒரு சோடி இலத்திரன்களை இரண்டு கருக்களும் ஒருங்கே கவர்வதால் சக்தி குறைகிறது.

இனி மாணவியின் கேள்வி. 2எஸ் இலிருந்து ஓர் இலத்திரனைக் காலியாக உள்ள 2பி ஒபிற்றலுக்கு உயர்த்த மூலுக்குச் சுமார் 400 கிலோயூல் செலவாகிறது. ஆனால் அவ்வாறு உயர்த்தினால் நான்கு தனி இலத்திரன்கள் கிடைக்கின்றன. மேலதிகமாக உருவாகும் இரண்டு காபன்-ஐதரசன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 415 கிலோயூல் வீதம், இட்ட முதலைப் போல இரு மடங்கைத் திருப்பித் தந்துவிடுகின்றன. இரண்டே ஐதரசன்களைக் கொண்ட மெதிலீன் இல்லாத பொருள் அன்று. தோன்றியவுடனேயே வேறெதனுடனாவது தாக்கமடைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எனினும், இலத்திரன் முதலில் உயர்ந்து, பின்னர் ஒபிற்றல்கள் கலந்து, அதன் பின்னர் பிணைப்பு உண்டாகிறது என்று காலவரிசையாக எண்ணிவிடக் கூடாது. அவை நாம் கணக்குப் பார்ப்பதற்கு வகுத்துக்கொண்ட படிகள். ஒரு காபனும் நான்கு ஐதரசன்களும் கொண்ட மெதேனின் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளமும் 109.5 பாகை இடைக்கோணமும் கொண்டிருப்பதே அளந்தறியப்பட்ட உண்மை. இலத்திரன் கண்டறியப்படுவதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1874இல், இரசாயனவியலாளர்களான வான்ற் ஹொஃபும் லெ பெல்லும் இந்த நான்முகி வடிவத்தைத் தனித்தனியே ஊகித்திருந்தனர் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது. காரீயத்திலோ ஒவ்வோர் அணுவும் மூன்று அயலணுக்களுடன் மட்டுமே ஒரே தளத்தில் இணைய, நான்காவது இலத்திரன் தளமெங்கும் பரவி மின்னைக் கடத்துகிறது.

பாடத்திட்டத்துக்குத் தேவையற்றதாயினும் அந்த மாணவியிடம் சொல்லத்தக்க ஒன்று உண்டு. பிணைப்புகள் நான்கும் சமமானவை என்பதால் அவற்றின் எட்டு இலத்திரன்களும் ஒரே சக்தியில் இருக்கும் என்று அவள் எதிர்பார்ப்பாள்; மெதேனின் ஒளியிலத்திரன் திருசியமோ (ஒளியால் இலத்திரன்களை வெளியேற்றி அவற்றின் சக்தியை அளக்கும் முறை) சுமார் 14, 23 இலத்திரன்வோற்று (சக்தி அலகு) அளவில் இரண்டு வெவ்வேறு சக்திகளைக் காட்டுகிறது. ஆறு இலத்திரன்கள் ஒரு மட்டத்திலும் இரண்டு அதனிலும் ஆழமான மட்டத்திலும் உள்ளன. எட்டும் சேர்ந்து உருவாக்கும் இலத்திரன் அடர்த்திதான் நான்கு திசைகளிலும் சமமாக அமைகிறது.