சீஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: வீட்டிலேயே சீஸ் செய்யக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பின் விளம்பரம் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் ஐந்து வகை சீஸ், அதில் செடாரும் உண்டு, போகும்போது ஒரு கிட், கூடவே சான்றிதழ் என்கிறார்கள். கட்டணம் என் கைக்குக் கொஞ்சம் அதிகம். எலுமிச்சைச் சாறு விட்டுப் பாலைத் திரித்துப் பன்னீர் செய்திருக்கிறேன், அதற்கு மேல் எதுவும் தெரியாது. சேர்ந்துவிடலாமா, வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

பதில்: அந்த விளம்பரத்தில் உள்ள இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். மூன்று மணி நேரம், ஐந்து வகை. செடார் ஒன்றுக்கே பாலைச் சூடாக்குவதில் தொடங்கி அச்சில் போட்டு அழுத்துவதுவரை ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதன்பின் இரவு முழுக்க எடையின் கீழ் இருக்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் முதிர வேண்டும். மூன்று மணி நேரத்தில் அதைச் 'செய்து காட்ட' ஒரே வழிதான் உண்டு: ஒவ்வொரு கட்டத்தையும் முன்பே தயாராக வைத்திருந்து எடுத்துக் காட்டுவது. அது தவறில்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது பார்க்கும் வகுப்பு, செய்யும் வகுப்பு இல்லை என்பது தெரிந்து வாங்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் போன வகுப்பில் இருபது பேருக்கு இரண்டு பாத்திரம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வெப்பநிலை, நிமிடம், அளவு எல்லாவற்றையும் பிசகாமல் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து செய்தால் பால் உறையவே இல்லை. மறுநாளும் இல்லை. நான்கு முறை பால் வீணான பிறகுதான் காரணம் புரிந்தது. நான் வாங்கியது மாதக்கணக்கில் கெடாத டப்பா பால். அதை 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கியிருப்பார்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், பாலை உறைய வைக்கும் நொதியான ரென்னெட் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. வகுப்பில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அது சொல்லப்படவில்லை. கையில் கிட் இருந்தது, சான்றிதழும் இருந்தது.

ஆகவே முதலில் சேராதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். வகுப்புக்குப் போகாமலே கற்றுக்கொள்ளக்கூடிய பாதியை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

சீஸில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று புளிப்பால் திரிப்பது. பாலை 85, 90 டிகிரிவரை சூடாக்கி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் கண்ணெதிரே பிரிந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே செய்தது இதுதான். முழுப் பாலில் வீட்டில் செய்யும் ரிக்கோட்டா என்கிற மென்மையான சீஸும் ஏறக்குறைய இதே முறைதான். இதற்கு வகுப்பு தேவையில்லை, பணம் கொடுத்துக் கற்க இதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வழி ரென்னெட் விட்டு உறைய வைப்பது. இங்கே பாலின் சூடு 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். முதலில் கல்ச்சர் என்கிற நல்ல பாக்டீரியாக்கள் பாலை மெதுவாகப் புளிக்க வைக்கும். பிறகு ரென்னெட் அதை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கட்டியாக உறைய வைக்கும். செடார், ஃபெட்டா, கௌடா, கமம்பேர் எல்லாம் இந்த வழியில் வருபவை.

வகுப்பின் மதிப்பு முழுக்க இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது, அதிலும் பதம் பார்க்கும் இடங்களில் இருக்கிறது. உறைந்த பாலில் கத்தியைச் சாய்வாக நுழைத்து மெல்லத் தூக்கினால் ஒரு கோடாகப் பிளந்து, அந்தப் பிளவில் தெளிந்த தண்ணீர் ஊற வேண்டும். அதற்கு முன்பே வெட்டினால் தண்ணீர் வெள்ளையாக வரும், கொழுப்பெல்லாம் அதோடு போய்விடும். வெட்டிய துண்டுகளைக் கிளறிக்கொண்டே வந்து, ஒரு பிடி எடுத்து அமுக்கி விரலால் உதிர்த்தால் உதிர வேண்டும். மொசரெல்லாவுக்குச் சுடுநீரில் போட்டு இழுக்கும்போது அறுபடாமல் பளபளவென்று நீள வேண்டும். புளிப்பு சரியான அளவுக்கு வந்திருந்தால்தான் அது நீளும், புளிப்பை அளக்கும் பி.எச். எண்ணில் 5.2, 5.3 சுற்றி. எண்ணைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், கைக்கு அது எப்படி இருக்கும் என்பதைத் தொட்டால்தான் தெரியும். வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் விரலுக்கு அது வந்து சேராது. ஒருவர் பக்கத்தில் நின்று "இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள், இப்போது தொட்டுப் பாருங்கள்" என்று சொன்னால் அந்த ஒரு நிமிடத்துக்கே கட்டணம் தகும்.

சரி, இரண்டு வாரத்தில் என்ன செய்வது? இன்னொரு முறை எலுமிச்சையில் திரியுங்கள், ஆனால் இந்த முறை தெர்மாமீட்டர் வைத்து. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரியும். பிறகு கொஞ்சம் ரென்னெட் மட்டும் வாங்கி, சாதாரணப் பாஸ்சரைஸ் செய்த (கிருமி சாகும் அளவுக்கு மட்டும் சூடாக்கிய) பாலை உறைய வைத்துப் பாருங்கள். ரென்னெட்டைக் கரைக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது, இருந்தால் அதன் வீரியம் போய்விடும். உறைந்ததை வெட்டி, வடித்து, உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள். ருசி சுமாராகத்தான் இருக்கும். ஆனால் சூட்டைக் கவனித்துக்கொண்டு அடுப்பருகே நிற்பதும் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவுவதும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். சீஸ் செய்வதில் பெரும்பகுதி காத்திருப்பதும் கழுவுவதும்தான். அது பிடிக்காதவருக்கு எந்த வகுப்பும் உதவாது. பிடித்துவிட்டால் உங்களிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும். "ஏன் எனக்குக் கட்டி தளர்வாக வந்தது?" என்று கேட்கத் தெரிந்து வகுப்புக்குப் போகிறவர் அதே கட்டணத்துக்கு இரண்டு மடங்கு கற்றுக்கொண்டு திரும்புவார்.

அப்புறம் பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் பேசுங்கள். ஒரு பாத்திரத்துக்கு எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு, மூன்று பேர் என்றால் நல்லது. ஆறுக்கு மேல் போனால் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். எந்தப் பால் பயன்படுத்துகிறீர்கள், அதே பால் எனக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். பண்ணையிலிருந்து நேராக வந்த பாலில் அழகாகச் செய்து காட்டிவிட்டு, கடைப் பாலோடு நம்மை வீட்டுக்கு அனுப்பினால் அது பாதி வகுப்புதான். கடையில் கிடைக்கும் பால் பெரும்பாலும் ஹோமோஜினைஸ் செய்தது, அதாவது ஆடை பிரியாதபடி கொழுப்பைப் பொடித்துக் கலந்தது, கட்டி தளர்வாகத்தான் வரும். அதற்குக் கால்சியம் குளோரைடு கொஞ்சம் சேர்ப்பார்கள். இதை விளக்கத் தெரிந்த ஆசிரியர் என்றால் நம்பிச் சேரலாம். ரென்னெட் எதிலிருந்து வந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் உண்டு, பூஞ்சையிலிருந்தும் நுண்ணுயிர்களை வளர்த்தும் எடுப்பதும் உண்டு. சைவம் சாப்பிடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கல்ச்சரைக் குளிர்பெட்டியின் உறைபகுதியிலும், திரவ ரென்னெட்டைக் குளிரிலும் வைக்க வேண்டும். அவை பெட்டிக்குள் எத்தனை மாதம் வெளியே கிடந்தன என்று நமக்குத் தெரியாது. காலாவதித் தேதியைப் பாருங்கள். கிட் இல்லாமல் வகுப்புக்கு மட்டும் கட்டணம் என்ன என்றும் கேட்டுவையுங்கள், பல நேரம் அந்த வித்தியாசம்தான் உங்கள் கையைக் கடிக்கும். பெட்டியில் இருக்கும் துணியும் தெர்மாமீட்டரும் தனியாக வாங்கிக்கொள்ளக்கூடியவைதானே.

உங்கள் விளம்பரத்துக்கே வந்தால், நான் சேர மாட்டேன். ஒரே ஒரு ரென்னெட் சீஸை ஆரம்பம் முதல் அச்சில் போடும்வரை நீங்களே செய்யும் வகுப்பு கிடைத்தால் அதற்குக் காத்திருப்பேன்.

கேள்வி: நேரில் போக வசதியில்லை. இணையத்தில் நேரலையாக நடக்கும் சீஸ் வகுப்பு பயன் தருமா?

பதில்: தரும், ஒரு நிபந்தனையோடு. உங்கள் பாத்திரத்தை ஆசிரியர் பார்க்க முடிய வேண்டும். உங்கள் அடுப்பு, உங்கள் பால், உங்கள் தெர்மாமீட்டர் என்பதால் ஒருவகையில் இது நேர் வகுப்பைவிட மேல், வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாறிப்போகும் தொல்லை இல்லை. ஆனால் ஐம்பது பேர் ஒரே திரையில் இருந்து, உங்கள் கேமராவை அணைத்து வைக்கச் சொன்னால் அது காசு வாங்கும் வீடியோ. பத்துப் பேருக்குள் இருக்கும் வகுப்பைத் தேடுங்கள். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்ற பட்டியலைப் பணம் கட்டுமுன்பே கேளுங்கள். கல்ச்சர் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வகுப்புக்கு முதல் நாள் தெரியவரக் கூடாது.

கேள்வி: 'நீங்களே செய்து பழகலாம்' என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். போனால் வெறும் செய்முறை விளக்கம்தான். கேட்டதற்கு, கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறது என்கிறார்கள். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். திருப்பித் தர மாட்டோம் என்ற வரி பொதுவாக நீங்கள் மனம் மாறி வராமல் போவதற்கானது. சொன்னதை அவர்களே தராமல்போனால் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமில்லை. விளம்பரத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை அது மாறியிருக்கலாம். பிறகு வாய்ப்பேச்சை விட்டு எழுத்தில் கேளுங்கள். என்ன சொன்னீர்கள், என்ன நடந்தது, எனக்கு என்ன வேண்டும் என்று மூன்று விஷயம் போதும். மூன்றாவதைத் தெளிவாக எழுதுங்கள்: பாதிக் கட்டணம் திரும்ப, அல்லது செய்முறைப் பயிற்சி உள்ள அடுத்த வகுப்பில் கட்டணமில்லாமல் ஓர் இடம். கோபத்தோடு முழுத் தொகை கேட்பவருக்கு மறுப்பு வருகிற இடத்தில், இப்படிக் கேட்பவருக்கு ஏதாவது கிடைக்கிறது. பதில் தர ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்யவும் வழி உண்டு, அதற்குக் காலக்கெடு இருக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் சேர்ந்திருக்கும் வகுப்பில், காய்ச்சாத பச்சைப் பாலில் செய்தால்தான் உண்மையான ருசி என்கிறார்கள். வீட்டில் என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரியானது. மகளுக்கு அந்த சீஸைக் கொடுக்காதீர்கள். பச்சைப் பாலில் லிஸ்டீரியா, சால்மொனெல்லா, ஈகோலை, புருசெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். இவற்றில் லிஸ்டீரியா குளிர்பெட்டியின் குளிரிலும் பெருகும். கர்ப்பிணிக்கு அது லேசான காய்ச்சலாக வந்துபோகலாம், ஆனால் கரு கலையும் அளவுக்குக் கேடு செய்யக்கூடியது. ஈரம் மிகுந்த மென்மையான சீஸில்தான் ஆபத்து அதிகம். வீட்டில் செய்து பழகுபவர்கள் முதலில் செய்வதும் அந்த வகையைத்தான்.

பச்சைப் பாலின் ருசியைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. தேர்ந்த சீஸ்காரர்கள் தங்கள் மாடுகளையும் பாலையும் தொடர்ந்து சோதித்துக்கொண்டு அதைச் செய்கிறார்கள். அந்தச் சோதனை எதுவும் இல்லாத நம் சமையலறைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. நல்ல பண்ணைப் பால் கிடைத்தால் நீங்களே பாஸ்சரைஸ் செய்யலாம்: 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உடனே பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆறவிடுங்கள். அந்த 30 நிமிடமும் சூடு கீழே இறங்காமல் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை வகுப்பில் கேளுங்கள். கேட்டதற்குச் சலித்துக்கொள்ளும் ஆசிரியர் என்றால், மற்ற சுத்தத்தையும் எப்படிக் கவனிப்பாரோ என்று நான் யோசிப்பேன்.

கேள்வி: வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டால் கடையில் சீஸ் வாங்கும் செலவு மிச்சமாகுமா? சான்றிதழை வைத்து விற்கவும் முடியுமா?

பதில்: கெட்டியான சீஸ் ஒரு கிலோ வர பசும்பால் சுமார் 10 லிட்டர் வேண்டும். உங்கள் ஊரில் பால் விலையைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், அதோடு கல்ச்சர், ரென்னெட், எரிபொருள். பாலைப் பெரிய அளவில் வாங்கும் தொழிற்சாலையோடு நாம் விலையில் போட்டிபோட முடியாது. விலை உயர்ந்த, முதிராத மென்மையான வகைகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதே பாலுக்கு எடை கூடுதலாகக் கிடைக்கும். முதிர வைக்கும் வகைகளுக்கு 10 முதல் 13 டிகிரிவரை சூடும் நல்ல ஈரப்பதமும் உள்ள தனி இடம் வேண்டும். சாதாரணக் குளிர்பெட்டி அதற்குக் குளிரும் அதிகம், வறட்சியும் அதிகம். இன்னொரு பெட்டி வாங்கும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

சான்றிதழ் நீங்கள் வகுப்புக்கு வந்தீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. விற்பதற்கு உணவுத்துறை அனுமதியும் சமையலறைச் சோதனையும் வேறு. அந்தச் சான்றிதழைக் காட்டி 'தொழில் தொடங்கலாம்' என்று ஆசை காட்டும் வகுப்பில் கட்டணம் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலைக் கொடுக்காதீர்கள்.

மிச்சம் என்று ஒன்று உண்டென்றால் அது சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் தண்ணீரில்தான். 10 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் வரும், புரதமும் சர்க்கரையும் அதில் இருக்கின்றன. மாவு பிசையவும் சூப்புக்கும் ஊற்றலாம். ரென்னெட் சீஸில் வடிந்ததாக இருந்தால், புதிதாக இருக்கும்போதே 90 டிகிரிவரை சூடாக்கிக் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், ஒரு கிண்ணம் ரிக்கோட்டா மேலே மிதந்து வரும். அதை உங்கள் வகுப்பில் சொல்லித்தருகிறார்களா என்றும் கேளுங்கள்.