உடல் கொரோனாவை மறந்துவிடுமா?

கேள்வி (மாங்குளம்): கொரோனா மாறி ஆறு மாதத்துக்குப் பிறகு இரத்தம் சோதித்தேன். எதிர்ப்பு அளவு நன்றாக இறங்கிவிட்டதாம். இனிப் பாதுகாப்பு இல்லையா?

இருக்கிறது. அந்தச் சோதனை இரத்தத்தில் ஓடும் பிறபொருளெதிரியை (கிருமியைப் பிடிக்கும் புரதத்தை) மட்டுமே அளக்கிறது. நோய் நேரத்தில் அதைச் சுரக்கும் கலங்கள் பெருமளவில் பெருகும். மாறியதும் பெரும்பாலானவை இறந்துவிடும். இரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற முக்கிய வகைப் பிறபொருளெதிரியின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 21 நாள்தான். ஆகவே இந்த இறக்கம் இயல்பு. தப்பிய சில கலங்கள் என்பு மச்சைக்குள் குடியேறி, சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். இலேசாக வந்து மாறியவர்களின் மச்சையிலும் ஏழெட்டு மாதங்களுக்குப் பின் இவற்றைக் கண்டிருக்கிறார்கள்.

நினைவு பி கலங்களின் கதை இன்னும் நம்பிக்கை தருவது: இவை வைரசை நினைவில் வைத்திருந்து, அது திரும்பி வந்தால் பிறபொருளெதிரியைச் சுரக்கத் தயாராக இருப்பவை. கலிபோர்னியாவின் லா ஹோயா ஆய்வகம் 188 பேரைப் பரிசோதித்து 2021இல் வெளியிட்ட முடிவில், வைரசின் மேற்பரப்பில் முள்போல் நிற்கும் முட்புரதத்தை அடையாளம் காணும் பி கலங்கள் முதல் மாதத்தைவிட ஆறாம் மாதத்தில் கூடுதலாக இருந்தன. தொற்றிய கலங்களை அழிக்கும் ரி கலங்களும் நீடிப்பவை: 2003இல் கொரோனாவின் உறவு வைரசான சார்ஸ் வந்தவர்களிடம் 17 ஆண்டுகளின் பின்னும் அவை இருந்தன.

கேள்வி (கிளிநொச்சி): நினைவு இருந்தால் ஏன் திரும்பவும் வருகிறது?

வைரசு இறங்குமிடம் மூக்கு. அங்குள்ள காவல் சில மாதங்களில் மெலிந்துவிடும். நினைவுக் கலங்கள் விழித்துப் பெருகச் சில நாள் வேண்டும். ஒமிக்ரோனோ இரண்டு மூன்று நாளிலேயே தடிமனாகக் காட்டிவிடும். அதன் முட்புரதத்தில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள் வேறு. ஆனால் ரி கலங்கள் வைரசின் பல துண்டுகளை அறிந்தவை. ஒரு துண்டு மாறினாலும் மற்றவற்றைப் பிடித்துவிடும். அதனால்தான் பெரும்பாலானோருக்கு நோய் நுரையீரலைப் பிடிக்குமுன் அடங்குகிறது.

கேள்வி (முல்லைத்தீவு): டெங்கு இரண்டாம் முறை வந்தால் மோசமாமே. கொரோனாவும் அப்படியா?

அல்ல. டெங்கில் 4 வகை. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பு இன்னொன்றை அரைகுறையாகப் பிடித்து, கலத்துக்குள் நுழையவே உதவிவிடலாம். கொரோனாவில் மனிதரிடம் அப்படிக் காணப்படவில்லை. எனினும் மாரி காலத்துக் காய்ச்சலை "கொரோனாதான்" என்று விட்டுவிடாதீர்கள்: மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். புரூபன், டிக்ளோபெனக் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 8ஐத் தாண்டக்கூடாது.

கேள்வி (வவுனியா): சினோபாம் போட்டேன். முன்பு தொற்று வந்ததா என்று சோதித்து அறியலாமா?

கடினம். அது செயலிழக்கச் செய்த முழு வைரசு. முன்பு தொற்று வந்ததா என்று பார்க்கும் சோதனை, வைரசின் உள்ளே இருக்கும் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பைத்தான் தேடும். ஆகவே அந்த எதிர்ப்பு ஊசியாலும் வந்திருக்கலாம். காசைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி (செட்டிகுளம்): அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம், குருதிச் சுத்திகரிப்பு நடக்கிறது. முன்பு வந்த கொரோனா அவரைக் காக்குமா?

அதை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடமும், மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் நினைவு மெலிதாகவே உருவாகும். மேலதிக ஊசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். காய்ச்சலோ இருமலோ தொடங்கிய அன்றே அறிவியுங்கள். வைரசை அடக்கும் குளிசைகளை முதல் 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். எதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசலோன் குளிசை எடுப்பவராயின் அதைத் திடீரென நிறுத்தவேண்டாம், அது உயிராபத்து.