பிஸ்கட் டின்னில் கிடந்த சிங்கப்பூர் நோட்டுகள்

கேள்வி: நாங்கள் மலேசியாவின் ஜொகூர் பாருவில் வசிக்கிறோம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தை விட்டுச் சென்ற பிஸ்கட் டின்னில், பாய்மரப் படகுப் படம் போட்ட 1959-ஆம் ஆண்டு ஒரு வெள்ளி (டாலர்) நோட்டுகள் சிலவும், ஆர்க்கிட் மலர் அச்சிட்ட சிங்கப்பூர்ப் பத்து வெள்ளி நோட்டுகள் பன்னிரண்டும் இருந்தன. பழைய பணம் வாங்கும் கடைக்காரர் ஒருவர், அந்தக் காலத்தில் இரு நாட்டுப் பணத்துக்கும் ஒரே மதிப்புதான் என்று கூறி, அனைத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ரிங்கிட் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கடைக்காரர் சொல்லும் வரலாற்றில் உண்மை இருக்கிறது. அதை வைத்து அவர் போடும் கணக்குதான் உங்களுக்கு நட்டம்.

மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஆகிய அனைத்துக்கும் ஒரே நாணய வாரியம் வெளியிட்ட பொதுவான வெள்ளிதான் ஒரு காலத்தில் புழங்கியது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும் பொது நாணயத்தைத் தொடரலாமா என்று பேச்சு நடந்து, அது கைகூடாமல் போகவே, 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டன. ஆயினும், ஒரு நாட்டின் பணத்தை மற்ற இரு நாடுகளும் எந்தக் கழிவும் இன்றிச் சரிக்குச் சரி ஏற்றுக்கொள்ளும் என்று உடன்பாடு செய்துகொண்டன. உங்கள் தந்தை சிங்கப்பூரில் வாங்கிய சம்பளத்தை ஜொகூரில் அப்படியே செலவழித்திருப்பார். 1973 மே மாதம் மலேசியா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது. இரு நாணயங்களும் அன்று முதல் தத்தம் வழியில் போயின.

ஆர்க்கிட் நோட்டுகள் சிங்கப்பூரில் இன்றும் செல்லும். உங்களிடம் இருப்பவற்றின் முகமதிப்பு 120 சிங்கப்பூர் வெள்ளி. கடைக்காரர் கணக்கில் அதற்கு 120 ரிங்கிட் கிடைக்கும். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3 ரிங்கிட்டுக்கு மேல் விற்பதால், சாதாரண நாணய மாற்றுக் கடையின் விகிதத்தில் பார்த்தாலே அதன் மதிப்பு 360 ரிங்கிட்டைத் தாண்டிவிடுகிறது. மடிப்பும் கறையும் இல்லாத நோட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் முகமதிப்புக்கு மேலும் தருவார்கள் என்பதால், வங்கியில் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுப் பாருங்கள்.

பாய்மரப் படகு நோட்டின் கதை வேறு. அது பழைய பொது வாரியத்தின் நோட்டு. 60 வெள்ளிக்கு 7 பவுண்டு என்று 1906 முதல் பிரிட்டிஷ் பவுண்டுடன் பிணைக்கப்பட்டிருந்த நாணயத்தைச் சேர்ந்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, புதிய நாணயங்கள் தப்பித்துக்கொண்டன. பழைய நோட்டுகள் பவுண்டோடு சேர்ந்து விழுந்து, ஒரு பழைய வெள்ளிக்கு 85 காசு என்றாகிவிட்டன. புதிய நோட்டாக மாற்றாமல் வீட்டில் பணம் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் நூற்றுக்குப் பதினைந்தை இழந்தார்கள். பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாகவே மாறியது. ஆக, அந்த நோட்டைப் பொறுத்தவரை ஒன்றுக்கு ஒன்று என்ற பேச்சு ஐந்து மாதம்தான் நிலைத்தது. இன்று அது செல்லாது. சேகரிப்பாளர் தரும் விலைதான் அதன் விலை.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் நான், 1996 இறுதியில் ஈப்போவில் இருக்கும் என் தாய்மாமாவிடம் 5,000 ரிங்கிட் கடன் வாங்கினேன். எழுத்து எதுவும் இல்லை. இப்போது திருப்பித் தர விரும்புகிறேன். அன்றைய விகிதப்படி சிங்கப்பூர் வெள்ளியாகக் கொடு என்கிறார் மாமா. எது நியாயம்?

பதில்: அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ 1.80 ரிங்கிட். அதன்படி நீங்கள் வாங்கியது சுமார் 2,800 சிங்கப்பூர் வெள்ளி. இன்று 3.20 என்று வைத்துக்கொண்டால், அதே 5,000 ரிங்கிட்டை 1,560 வெள்ளியில் அடைத்துவிடலாம். இடைப்பட்ட தொகைதான் உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

சிங்கப்பூர் 1981 முதல் வட்டி விகிதத்தை விட்டு நாணய மாற்று விகிதத்தையே தன் பணக்கொள்கையின் கருவியாக வைத்து, வெள்ளியைச் சிறுகச் சிறுக வலுப்பெற விட்டது. ரிங்கிட்டோ 1997-98 ஆசிய நெருக்கடியில் அடிபட்டு, ஓர் அமெரிக்க டாலருக்கு 2.50 என்ற அளவிலிருந்து 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியா அதை 3.80-இல் கட்டிப்போட்டு, 2005 ஜூலையில்தான் அவிழ்த்தது. பழைய விகித அட்டவணையைப் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு: அந்த ஏழாண்டுகளில் ரிங்கிட் அசையாமல் நின்றது அமெரிக்க டாலருக்கு எதிராக மட்டுமே, சிங்கப்பூர் வெள்ளி அசைந்துகொண்டிருந்ததால் இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறி இறங்கியது. அட்டவணையில் காண்பது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான விகிதம் என்பதையும், கடை முகப்பில் கிடைப்பது அதைவிடக் குறைவு என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

வாங்கியது ரிங்கிட் என்பதால் திருப்ப வேண்டியதும் ரிங்கிட்தான் என்பது என் கருத்து. ஆனால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வட்டியின்றிக் காத்திருந்தவரிடம் வெறும் 5,000-ஐ நீட்டுவது முறையன்று. மலேசிய வங்கியின் நிரந்தர வைப்பில் அந்தப் பணம் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதை ரிங்கிட்டாகக் கொடுங்கள். சிங்கப்பூர் வெள்ளியைப் பேச்சில் கொண்டுவராமலே இது தீர்ந்துவிடும்.

கேள்வி: சிங்கப்பூர்க் கடையில் மீதிச் சில்லறையாகப் புருணை நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. 1967 உடன்பாட்டிலிருந்து மலேசியாதான் விலகியது. சிங்கப்பூரும் புருணையும் இன்றும் அதில் இருக்கின்றன. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2017-இல் இரு நாடுகளும் ஐம்பது வெள்ளி நினைவு நோட்டுகளையே வெளியிட்டன. அடுத்த கடையில் தயங்கினால், சிங்கப்பூர் வங்கி எதிலும் முழு மதிப்புக்குக் கட்டிவிடலாம், கட்டணம் கிடையாது.