'இக்ஸல்ட்': நன்றிக் கடிதத்தில் எழுதலாமா?

கேள்வி: ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 'இக்ஸல்ட்' (exult) என்னும் வினைச்சொல்லைப் படித்தேன். அகராதி 'பெருமகிழ்ச்சி கொள்' என்கிறது. பரிசு அனுப்பிய மாமாவுக்கு நன்றி தெரிவிக்கும்போது இதை எழுதலாமா? 'இக்ஸால்ட்' (exalt) என்பதும் இதுவும் ஒன்றுதானா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இரண்டாவது ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 'இக்ஸால்ட்' என்றால் ஒருவரை உயர்த்துதல் அல்லது போற்றுதல். அதற்குச் செயப்படுபொருள் வேண்டும். 'இக்ஸல்ட்' மகிழ்பவரோடு நின்றுவிடும் வினை. ஆகவே ஒருவரை 'இக்ஸல்ட்' செய்ய முடியாது.

மாமாவுக்கான கடிதத்தில் இச்சொல் வேண்டாம். இது வெறும் மகிழ்ச்சியன்று. எதையோ வென்றுவிட்ட களிப்பு இதில் கலந்திருக்கிறது. துள்ளுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் உண்மையாகவே எம்பிக் குதிப்பதையும் குறித்தது. ('ரிசல்ட்', 'இன்சல்ட்' இரண்டும் அதே வேரில் பிறந்தவை என்பது தேர்வு எழுதுவோருக்கு வியப்பளிக்காது.)

அடுத்து வரும் முன்னிடைச்சொல்லைக் கவனியுங்கள். தன் வெற்றியில் அல்லது விடுதலையில் திளைப்பதற்கு 'இன்', ஒரு செய்தியைக் கேட்டுக் களிப்பதற்கு 'அட்'. 'ஓவர்' வந்தால் சொல்லின் முகம் மாறுகிறது. அப்போது பெரும்பாலும் தோற்றவரைப் பார்த்துக் கொக்கரிக்கும் தொனி ஏறிவிடும். முன்னிடைச்சொல் இல்லாமலும் அந்தத் தொனி வரக்கூடும். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், வீட்டுக் காரியஸ்தனான மால்வோலியோ அவமானப்பட்டால் உனக்கு மகிழ்ச்சிதானே என்று சர் டோபி கேட்க, தன்னை எஜமானியிடம் மாட்டிவிட்டவன் மால்வோலியோ என்ற பழைய பகையோடு அவ்வீட்டுப் பணியாள் ஃபேபியன் விடையளிக்கும்போது இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறான். வெறும் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் எதுவும் அந்தக் கறுவலைத் தாங்கியிருக்காது.

விளையாட்டுச் செய்தியாளர்கள் இதை நேர்கூற்றுக்குப் பின்னாலும் போடுவார்கள்: "கோப்பை நமதே" என்று அணித்தலைவர் ஆர்ப்பரித்தார் என நாம் எழுதுவது போல. தமிழாக்கம் செய்வதானால் அங்கே 'ஆர்ப்பரித்தல்' பொருந்தும். 'ஓவர்' வரும் இடத்தில் 'எக்களித்தல்' என்னும் நம் பழைய சொல்லுக்கு ஈடில்லை. களிப்பும் செருக்கும் அதில் ஒருங்கே இருக்கின்றன. மாமாவுக்கு 'டிலைட்டட்' என்று எழுதுங்கள், போதும்.